கூடாரத்தைத் தூக்கியவர் யார்?

போன மாதம் பெங்களூரிலிருந்து மகன் போன் செய்தான். பிள்ளைகளுக்கு லீவு வருகிறதாம். ஏற்காட்டுப் பக்கம் அவனுடைய நண்பரின் காப்பித் தோட்டத்தில் இரண்டு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கத் திட்டம்.

"அப்பா, நாலு பேர் படுக்கிற மாதிரி, வெயிட் கம்மியா ஒரு டென்ட் வாங்கணும். மூணு பார்த்து வச்சிருக்கேன். எதுன்னு நீங்க சொல்லுங்க. நீங்கதான் டென்ட்லயே குடித்தனம் நடத்தினவராச்சே."

குடித்தனம் நடத்தியது உண்மைதான். மண்ணியல் ஆய்வு வேலையில் சேர்ந்த முதல் பன்னிரண்டு வருஷம், மழைக்காலம் முடிகிற சமயத்தில் கிளம்பினால் சித்திரை வெயில் வரைக்கும் கூடாரம்தான் வீடு. ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, அரூர் பக்கத்துக் காடுகள் என்று எத்தனையோ இடம். ஆனால் மகன் 'வெயிட்' என்று கேட்டதும் எனக்குப் பதில் வரவில்லை. அத்தனை வருஷத்தில் ஒரு கூடாரத்தையும் நான் தூக்கியதில்லை.

எங்களுக்குக் கொடுத்தது கித்தான் கூடாரம். பட்டாளத்திலிருந்து வந்த மாதிரி. அதற்குப் பெயரே '80 பவுண்டர்'. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியப் படையின் கூடாரங்களுக்கு எடையை வைத்துத்தான் பெயர்: 40 பவுண்டு, 80 பவுண்டு, 160 பவுண்டு. எத்தனை பேர் படுக்கலாம் என்பதைவிட எத்தனை கழுதை வேண்டும் என்பதுதான் முக்கியம். ஒரு கோவேறு கழுதைக்குச் சுமை 160 பவுண்டு என்று கணக்கு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு 80 பவுண்டர் ஏற்றினால் சரியாகிவிடும். 80 பவுண்டு என்றால் நம் கணக்கில் 36 கிலோ. எங்கள் முகாமில் கழுதை கிடையாது. ஜீப் போகிற வரைக்கும் ஜீப். அதற்கு மேல் கலாசிகளின் தலையும் தோளும்.

மகனுக்குப் பதில் சொல்வதற்காகக் கையில் இருந்த பழைய புத்தகங்களைப் புரட்டினேன். அதில் எனக்கு விளங்கிய ஒரு விஷயத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். கூடாரத்தின் எடையை முடிவு செய்வது துணி மட்டுமல்ல. உள்ளே படுக்கிறவரும் அதைத் தூக்குகிறவரும் வேறு வேறு ஆளாக இருந்த வரைக்கும் கூடாரம் கனமாகவே இருந்தது. இரண்டு பேரும் ஒரே ஆள் ஆன இடத்தில்தான் எடை குறைய ஆரம்பித்தது.

இதற்கு நம்மிடமே பழைய சாட்சி இருக்கிறது. பத்துப்பாட்டில் நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டில் பாசறையைப் பற்றி வருகிறது. அரசனுக்கு அங்கே வலுவான கயிறுகளால் கட்டித் திரை இழுத்த இரண்டு அறை உள்ள கூடாரம். வீரர்களுக்கோ வில்லை மண்ணில் ஊன்றி, அம்பறாத்தூணியை அதில் தொங்கவிட்டு, கயிற்றை இழுத்துக் கட்டிய இருக்கை. முக்கோலில் காவித்துணியைப் போட்டு வைத்த அந்தணரின் தோற்றத்தை அதற்கு உவமையாகச் சொல்கிறார் புலவர். வீரன் கூடாரத்துக்கென்று தனியாக ஒரு கம்பைச் சுமக்கவில்லை. எப்படியும் கையில் இருக்கிற வில்லே அவனுக்குக் கம்பு. அரசனுக்கு அந்தக் கவலை இல்லை. ஒரே பாட்டில் இரண்டு வகைக் கூடாரமும் இருக்கின்றன.

அரசன் கூடாரம் எதுவரை போகும் என்பதற்கு அக்பரைப் பார்க்கலாம். பாதுஷா பயணம் போகும்போது ஒரு முகாமைத் தூக்கிச் செல்ல 100 யானை, 500 ஒட்டகம், 400 வண்டி, 100 சுமை ஆட்கள் தேவைப்பட்டதாக அபுல் ஃபசல் ஆயின்-இ-அக்பரியில் கணக்கு எழுதியிருக்கிறார். பாதுஷா ஓர் இடத்தில் இருக்கும்போதே இன்னொரு தொகுதி கூடாரம் அடுத்த இடத்துக்கு முன்கூட்டியே போய்விடும். போய்ச் சேரும்போது வீடு தயாராக இருக்கும். 'டேரா போட்டுவிட்டான்' என்று நாம் இன்றைக்கும் சொல்கிறோமே, அந்த டேரா வடக்கிலிருந்து வந்த சொல்தான்.

அந்தப் பழக்கத்தைக் கம்பெனிக்காரர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்குப் பக்கத்தில் சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளந்து, இந்தியாவை முக்கோணங்களாக அளக்கும் பெரிய வேலையைத் தொடங்கினார். அவருடைய தியோடலைட் கருவி மட்டுமே அரை டன். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதிச் சேதமான கதை அளவைத் துறையில் எல்லோருக்கும் தெரியும். இருபது வருஷம் கூடாரம் கூடாரமாக வடக்கே போன லாம்டன் 1823இல் வேலையின் நடுவிலேயே ஹிங்கன்காட்டில் இறந்தார். அவரைத் தொடர்ந்து வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் பெயரில் மலையே இருக்கிறது. அந்தக் கித்தானையும் கம்பையும் சுமந்த நூற்றுக்கணக்கான ஆட்களின் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை. என் வேலையும் அந்த வம்சாவளியில் வந்ததுதான். கூடாரமும் அதே வம்சாவளி.

எடை குறைய ஆரம்பித்தது வேறொரு பக்கத்தில். பிரெஞ்சுப் படையைப் பார்த்து, அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படை ஒவ்வொரு சிப்பாயிடமும் பாதிக் கூடாரத்தைக் கொடுத்தது. ஒரு சதுரத் துணி, ஓரத்தில் பொத்தான்கள். இரண்டு பேர் சேர்ந்து பொத்தானைப் போட்டால் ஒரு கூடாரம். கம்புக்கு மரக்கிளை. அது கிடைக்காவிட்டால் துப்பாக்கியைத் தலைகீழாக்கி, முனைக் கத்தியை மண்ணில் குத்தி நிறுத்துவார்கள். நாய்தான் இதற்குள் நுழைய முடியும் என்று கேலி செய்து அதற்கு நாய்க் கூடாரம் என்றே பெயர் வைத்தார்கள். முல்லைப்பாட்டு வீரனின் வில்தான் இங்கே துப்பாக்கியாக வந்திருக்கிறது.

அதே 1860களில் ஆல்ப்ஸ் மலையில் எட்வர்ட் விம்பர் என்ற ஆங்கிலேய இளைஞர் மேட்டர்ஹார்ன் சிகரத்தை மோதிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு பேர் படுக்க அவர் தானே ஒரு கூடாரம் செய்தார். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு மரக்கம்பு, மேலே பருத்தித் துணி, கீழே ரப்பர் பூசிய தரைத்துணி. அந்தத் தரைத்துணி பக்கவாட்டில் கொஞ்சம் மேலேறி வரும்படி சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. கீழேயிருந்து காற்றும் ஈரமும் நுழையாது. இன்றைக்கு விற்கிற பெரும்பாலான குடும்பக் கூடாரங்களில் தொட்டி மாதிரி மேலேறும் அந்தத் தரை இருக்கிறது. எடை சுமார் 10 கிலோ. நல்ல முன்னேற்றம்தான்.

ஆனால் அதைச் சுமந்தது விம்பர் அல்ல. ப்ரே என்ற மலைக்கிராமத்தைச் சேர்ந்த லூக் மெய்னே என்பவர் சுமந்தார். கூன் விழுந்த முதுகு அவருக்கு. அந்த முதுகில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு மற்றவர்கள் தயங்கிய பாறைகளில் ஏறினார். உயரத்தில் ஓரிடத்தில் சுற்றிலும் மலைகள் தெரிந்தபோது மெய்னே தன்னையறியாமல் மண்டியிட்டுக் கைகூப்பி, அந்த அழகைச் சொல்லிச் சொல்லி உருகியதை விம்பர் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். 1871இல் வந்த புத்தகம். அந்த இடத்தைப் படித்துவிட்டு மூடி வைத்தேன். அன்று மேற்கொண்டு படிக்க முடியவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

விம்பருக்கு அடுத்த தலைமுறையில் வந்தவர் ஆல்பர்ட் மம்மரி. 1890களில் இவரும் நண்பர்களும் கூலி வழிகாட்டிகள் இல்லாமலே ஆல்ப்ஸ் ஏறத் தொடங்கினார்கள். அப்போது சுமை அவர்கள் முதுகுக்கே வந்தது. உடனே கூடாரம் இளைத்துவிட்டது. மெல்லிய பட்டுத்துணி, கம்புக்குப் பனிக்கோடரி. எடை 2 கிலோவுக்கும் குறைவு. முப்பதே வருஷத்தில் 10 கிலோ 2 கிலோ ஆனது. அதற்காக யாரும் புதுத் துணி கண்டுபிடிக்கவில்லை. பட்டு ஆயிரக்கணக்கான வருஷமாக இருந்துகொண்டுதான் இருந்தது. முதுகுதான் மாறியது. மம்மரி 1895இல் நங்க பர்பத் மலையில் மறைந்தார். கூட மறைந்த இரண்டு கூர்க்காக்களின் பெயர் ரகோபீர் தாபா, கோமான் சிங். நல்லவேளை, யாரோ எழுதி வைத்தார்கள்.

மலையேறாத குடும்பஸ்தர்களுக்கு இதைக் கொண்டுவந்தவர் ஒரு தையல்காரர். லண்டனில் தையல் தொழில் செய்த தாமஸ் ஹைரம் ஹோல்டிங். சிறு பையனாக 1853இல் பெற்றோருடன் அமெரிக்கப் புல்வெளிகளை வண்டிக்கூட்டத்தோடு கடந்தவர். பெரியவரான பிறகு அந்த ருசி விடவில்லை. சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிற அளவுக்குச் சின்னக் கூடாரம் வடிவமைத்து, அயர்லாந்தின் கானமாராவில் சுற்றி, 1898இல் அதைப் புத்தகமாக எழுதினார். 1901இல் சைக்கிள் முகாமாளர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார். 1908இல் முகாமிடுவோருக்கான கையேடு ஒன்றையும் வெளியிட்டார். சம்பளத்தில் வாழ்கிற மனிதனும் ஆள் வைக்காமல், சனிக்கிழமை கிளம்பித் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பலாம் என்பது இவர் காட்டிய வழி. மகன் போகிற இரண்டு ராத்திரிப் பயணத்துக்கு இவர்தான் தாத்தா.

துணி மாறியது அதற்குப் பிறகுதான். 1935இல் அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் கரோதர்ஸ் குழுவினர் நைலானைக் கண்டுபிடித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அது பாராசூட் ஆனது. போர் முடிந்ததும் கூடாரத்துக்கு வந்தது. 1953இல் எவரெஸ்ட் ஏறிய குழுவின் கூடாரத் துணி பருத்தியும் நைலானும் கலந்தது.

இங்கே கித்தானுக்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பருத்தி நூல் நனைந்தால் உப்பும். இழைகளுக்கு நடுவே உள்ள சந்து தானாக அடைபடும். மூச்சு விடுகிற துணி மழையில் மழைக்கோட்டு ஆகிவிடும். ஆனால் உள்ளேயிருந்து விரலால் தொட்டால் தொட்ட இடத்தில் சொட்ட ஆரம்பிக்கும். புதிதாக வந்த எல்லாரையும் 'தொடாதீங்க சார்' என்று கலாசிகள்தான் எச்சரிப்பார்கள். நைலானுக்கு இந்த வித்தை தெரியாது. அதனால் அதற்கு மேல்பூச்சு வேண்டும். பூசினால் தண்ணீர் உள்ளே வராது. ஆனால் உள்ளே இருப்பவர்களின் மூச்சிலிருந்து வருகிற ஈரமும் வெளியே போகாது. விடிகாலையில் கூரையிலிருந்து சொட்டும், மழையே பெய்திருக்காது. இதற்காகத்தான் உள்ளே மூச்சு விடும் துணி, மேலே பூச்சுத் துணி என்று இரண்டு அடுக்கு வந்தது.

கடைசி மாற்றம் கம்பில். பழைய கூடாரம் நிற்பது முளையாலும் கயிறாலும். மண்ணில் முளை இறங்காவிட்டால் கூடாரம் இல்லை. ஜவ்வாது மலைப் பாறையில் முளை அடித்து அடித்து வளைந்து போகும். கடைசியில் கயிற்றைக் கல்லில்தான் கட்டுவோம். 1955இல் பில் மாஸ் என்ற அமெரிக்க ஓவியர் கண்ணாடியிழைக் கம்பிகளை வில்லாக வளைத்து, அந்த வளைவின் விசையிலேயே துணி விறைத்து நிற்கிற கூடாரத்தைச் செய்தார். பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் முக்கோணக் கோளக் கட்டடங்களைப் பார்த்து, 1975இல் கலிபோர்னியாவில் நார்த் ஃபேஸ் கம்பெனி கம்பிகளைக் குறுக்கும் நெடுக்கும் விட்ட கூடாரத்தைக் கொண்டுவந்தது. ஒரு கம்பி வாங்குகிற காற்றை மற்றக் கம்பிகள் பங்கு போட்டுக்கொள்ளும். முளை இல்லாமலே தன் காலில் நிற்கும். இருந்தாலும் காற்று வந்தால் பறந்துவிடும், அதனால் முளை அடித்தே ஆக வேண்டும். நான் ஜவ்வாது மலையில் 80 பவுண்டருக்குள் படுத்திருந்த வருஷங்களில் உலகத்தின் மறுபக்கம் இப்படி 3 கிலோ, 4 கிலோக் கூடாரத்தோடு ஜனங்கள் நடந்துகொண்டிருந்தார்கள். எங்களுக்கு அது வரவில்லை. வேண்டும் என்று கேட்கவும் இல்லை. தூக்குகிறவர்களிடம் யார் கேட்டார்கள்?

இவ்வளவையும் படித்துவிட்டு மகனுக்குப் போன் செய்தேன். முதல் கேள்வி, "வண்டி நிக்கிற இடத்திலேர்ந்து கூடாரம் போடற இடம் எவ்வளவு தூரம்? யார் தூக்கறது?" ஜீப் பாதை முடிந்து ஒன்றரை கிலோமீட்டர் ஏற்றம், தூக்குவது அவனும் மருமகளும் என்றான். வண்டிப் பக்கத்திலேயே போடுவதாக இருந்தால் எடையைப் பற்றிக் கவலையே வேண்டாம், நின்று உடை மாற்றுகிற உயரத்தில் பெரியதாகவே வாங்கலாம்.

அவன் பார்த்து வைத்த மூன்றில் ஒன்று 8 கிலோவுக்கு மேல். ஒரே பையில் வருகிறது. அது வேண்டாம் என்றேன். இன்னொன்று மிக லேசு, இரண்டு கிலோகூட இல்லை. விவரத்தைப் படித்தால் கம்பே கிடையாது, நடைக்கம்பை ஊன்றித்தான் கட்ட வேண்டும். மம்மரியின் வம்சம். "வீரனுக்கு வில் இருந்தது, மம்மரிக்குக் கோடரி இருந்தது. நீங்க ரெண்டு பேரும் குடையை ஊன்றப் போறீங்களா?" என்று கேட்டேன். சிரித்தான். மூன்றாவது, இரண்டு அடுக்கு, அலுமினியக் கம்பி, தரை மேலேறி வருகிற மாதிரி தைத்தது, 4 கிலோவும் சில்லறையும். அதை வாங்கச் சொன்னேன். மேல்துணி ஒருவர் பையில், உள்கூடாரம் இன்னொருவர் பையில், கம்பிகள் பையின் ஓரத்தில். முளைப் பை பெரிய பேத்திக்கு.

'நாலு பேர்' என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம் என்றும் சொன்னேன். தோளோடு தோள் ஒட்டி, மூட்டை முடிச்சு இல்லாமல் படுத்தால்தான் நாலு பேர். பெரியவர் இருவரும் சின்னப் பிள்ளை இருவரும் என்றால் சரி. பிள்ளைகள் வளர்ந்தால் போதாது. லேசான துணி கல்லில் உரசினால் கிழியும், கித்தான் மாதிரி பொறுக்காது. மாடியில் ஒரு தடவை போட்டுப் பார்த்து, தோட்டக் குழாயால் தண்ணீர் அடித்துப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. திரும்பி வந்ததும் முழுக்கக் காயவைத்துத்தான் மடிக்க வேண்டும். என் நண்பர் ஒருவர் ஈரத்தோடு சுருட்டிப் பரணில் போட்டார். அடுத்த வருஷம் எடுத்தபோது பூச்சு பிசுபிசுத்து, துணியோடு துணி ஒட்டி, ஒரு கெட்ட வாடை. தூக்கித்தான் போட வேண்டியிருந்தது.

காயவைப்பது என்றதும் தப்பிக்க முடியாமல் அந்த நாள் ஞாபகத்துக்கு வருகிறது. 1979, ஐப்பசி கடைசி. ஜவ்வாது மலையில் இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் முகாமை மாற்ற வேண்டும் என்று என் பயணத் திட்டத்தில் இருந்தது. கித்தான் நனைந்து ஊறி இரும்பாகக் கிடந்தது. எங்கள் கலாசிகளில் மூத்தவர் வந்து, "ஐயா, ஒரு நாள் காயட்டுமே, ஈரத்துல கனம் தாங்காது" என்றார். எனக்கு இருபத்தாறு வயது. திட்டம் திட்டம்தான் என்றேன். அவரும் இன்னொருவரும் மூங்கிலில் கட்டித் தோளில் தூக்கினார்கள். ஓடையைக் கடக்கும்போது பாசியில் கால் வழுக்கி விழுந்தார். மூங்கில் முட்டியில் இறங்கியது.

தினக்கூலி ஆள். வேலைக்கு வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. என் கையிலிருந்து இருபது ரூபாய் கொடுத்தேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தார், ஒரு காலை இழுத்தபடி. என்னிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. அன்றிரவும் நான் தூங்கப் போகுமுன் கயிறுகளைச் சரிபார்த்துவிட்டுத்தான் போனார்.

அந்த வருஷத்துக் கள நாட்குறிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். பாறை வகை, சாய்வு, திசை எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கிறேன். அந்தத் தேதிக்கு நேரே "முகாம் மாற்றப்பட்டது" என்று ஒரு வரி. அவ்வளவுதான். விம்பரின் புத்தகத்தை மூடி வைத்த காரணம் இதுதான். ஊரில் யாரும் மதிக்காத ஒரு கூன் முதுகுக்காரர் பெயரை நூற்றைம்பது வருஷம் கழித்து நான் சேலத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். எனக்குக் கூடாரம் சுமந்தவர் பெயரை மாதாமாதம் மஸ்டர் ரோலில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். முகம் ஞாபகம் இருக்கிறது, குரல் ஞாபகம் இருக்கிறது, பெயர் வரவில்லை.

ஏற்காட்டுக்கு நானும் போனேன், தோட்ட வீடு வரைக்கும். மேலே ஏற என் முட்டி இடம் கொடுக்கவில்லை. கிளம்புகிற நேரத்தில் சின்னவள் அடம் பிடித்து அக்காவிடமிருந்து முளைப் பையை வாங்கிக்கொண்டாள். அரைக் கிலோ இருக்கும். பத்தடி போய்த் திரும்பி, "கனமா இருக்கு தாத்தா" என்றாள். "ஆமாம் கண்ணு, கனம்தான்" என்றேன்.

அந்தக் காலத்தில் ஜவ்வாது மலையில் என்னோடு வேலை பார்த்தவர்கள் சிலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். மூத்த கலாசி, அரூர் பக்கத்து ஆள், இடது காதில் கடுக்கன் போட்டிருப்பார். உங்களில் யாருக்காவது அவர் பெயர் ஞாபகம் இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நாட்குறிப்பில் அந்தத் தேதிக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் காலியாக இருக்கிறது.